இரண்டு பொன்னுச்சாமிகள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் காப்பிக்கு வந்திருந்தார்கள். மேசையில் கிடந்த ஒரு சிறு புத்தகத்தை மருமகள் கார்லா எடுத்துப் புரட்டினாள். எங்கள் குலதெய்வக் கோயில் குடமுழுக்கின்போது அச்சடித்த பங்காளிகள் பட்டியல் அது. எனக்குத் தபாலில் வந்து சரியாக ஓர் ஆண்டு ஆகிறது. கார்லா ஜெர்மன்காரி. தமிழில் ஓர் எழுத்தும் அறியாள். நான்காம் பக்கத்தில் ஒரு விரலையும் பதினொன்றாம் பக்கத்தில் இன்னொரு விரலையும் வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"இந்தப் படமும் இந்தப் படமும் ஒன்றுதானே? ஏன் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்கள்?"

படம் என்று அவள் சொன்னது தடித்த எழுத்திலிருந்த தலைப்பை. இரண்டு பக்கத்திலும் 'பொன்னுச்சாமி மக்கள்' என்று இருந்தது. பொன்னுச்சாமி என் தகப்பனார். கார்லாவுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அந்தப் 'படம்' அவளுடைய குடும்பப் பெயரேதான்.

"அச்சுப் பிழை" என்றேன்.

என் மகன் அறிவழகன் கேக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்கும் தமிழ் படிக்க வராது. சிறு வயதில் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று, அல்லது நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். இந்த வீட்டில் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஓராண்டாக நானும் அந்த இரண்டு பக்கங்களைத் திறக்கவில்லை.

அது அச்சுப் பிழை இல்லை. எப்படி வந்தது, ஏன் நின்றது என்பதை ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஊர் ஓடைப்பட்டி. இங்கே ஹாம்பர்க்குக்கு வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் ஓர் அம்மாள் என் குடும்பப் பெயரைக் கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன்.

"எல்லாருக்கும் உண்டு" என்றாள் அவள். கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கிறதே, அது என்ன?" என்று கேட்டாள்.

"என் அப்பா பெயரின் முதல் எழுத்து."

"பிறகென்ன? அதுதான் குடும்பப் பெயர். முழுதாகச் சொல்லுங்கள்."

சொன்னேன். முத்திரை விழுந்தது. அன்று முதல் நான் இங்கே ஹெர் பொன்னுச்சாமி, அதாவது திருவாளர் பொன்னுச்சாமி. கண் மருத்துவரிடம் காத்திருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன். வந்த புதிதில் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பேன், ஐயா எங்கேயாவது பின்னால் உட்கார்ந்திருக்கிறாரோ என்று. ஊரில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது பள்ளியில் சேர்த்த அன்று மட்டும்தான். இங்கே ரொட்டிக் கடையில்கூடச் சொல்கிறேன்.

என் சொந்தப் பெயர் ராசேந்திரன். அதைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் என் மனைவி மட்டும் இருந்தாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது என் பெயர் தொலைபேசியில் மட்டும்தான் கேட்கிறது, அதுவும் தேனிப் பக்கத்திலிருந்து வந்தால்.

சட்டப்படி மகனுக்கும் அதே குடும்பப் பெயர். கார்லாவும் திருமணத்தின்போது அதையே எடுத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு வாசலில் அழைப்பு மணிக்குக் கீழே 'பொன்னுச்சாமி' என்று பித்தளையில் எழுதியிருக்கிறது. திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த மனிதரின் பெயர், அவர் ஒருநாளும் பார்த்திராத ஆற்றங்கரையில் மூன்றாம் மாடிக் கதவில் நிற்கிறது. அவரைத் தெரியாதவர்கள் எல்லாரும் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருக்குப் பிறந்த இன்னொருவன் இருக்கிறான். என்னளவு உரிமை அவனுக்கும் உண்டு. அவனுக்கு அந்தப் பெயரை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

3

ஐயா திராட்சைக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவார். வழியில் ஆண்டிபட்டியில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே ஓர் அம்மாள் இருந்தாள். என் அம்மாவுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அந்த அம்மாளை 'ஆண்டிபட்டிக்காரி' என்பார்கள், அதுவும் அடுப்படிக்குள் மட்டும். அந்த வீட்டில் பிறந்தவன் முத்துவேல், என்னைவிட இரண்டு வயது இளையவன்.

நான் மதுரையில் பொறியியல் படித்தபோது சனிக்கிழமை மத்தியான வண்டியில் ஊருக்கு வருவேன். ஒரு சனிக்கிழமை ஆண்டிபட்டியில் வண்டி நின்றபோது ஒருவன் ஏறி, ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்றான். ஐயாவின் நெற்றி, ஐயாவின் காது.

"நீங்க ஓடப்பட்டி பொன்னுச்சாமி ஐயா மகன்தானே?"

"ஆமா."

"நானும் அவுகளுக்குத்தான் பெறந்தேன். முத்துவேலு."

நகர்ந்து இடம்விட்டேன். அவன் உட்காரவில்லை. தேனி வரை நின்றுகொண்டே பேசிக்கொண்டு வந்தான். தேனியில் இறங்கி இருவரும் பருத்திப்பால் குடித்தோம். நான் சின்னமனூர் வண்டிக்குப் போனேன். அவன் அடுத்த வண்டியில் ஆண்டிபட்டிக்குத் திரும்பினான்.

அதன் பிறகு மூன்று வருடம், நான் ஊருக்கு வரும் சனிக்கிழமையெல்லாம் ஏறுவான். ஒருமுறை நடத்துனர் கேலி செய்தார்.

"ஏப்பா, ஒனக்குத் தேனியில என்ன சோலி? போன காலோட திரும்பி வர்ற?"

"எங்கண்ணன்கூடப் பேசிக்கிட்டுப் போறேன், அம்புட்டுத்தான்."

"பேசுறதுக்கு டிக்கெட் எடுக்குற மொத ஆளு நீதாம்ப்பா" என்றார் நடத்துனர். வண்டியே சிரித்தது. முத்துவேல்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அவன் கேட்பதெல்லாம் எங்கள் தோட்டத்தைப் பற்றித்தான். ஆண்டிபட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அவர்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் கரம்பு.

"திராட்சப் பந்தலுக்குக் கீழ நின்னா உச்சி வெயிலுகூடத் தெரியாதாமேண்ணே?"

"தெரியாது. பச்ச வெளிச்சமா இருக்கும்."

"குனிஞ்சுதான் போகணுமாக்கும்?"

"நீ வளந்ததுக்குக் குனியணும்."

அவன் அதைக் கேட்டுவிட்டு, ஓடுகிற வண்டிக்குள் கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொண்டான். "ஒரு நாள் வாயேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வரும். தேனியை நெருங்கும்போது தெரிகிற மலைகளைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

எனக்கு இங்கே எதன் மேல் ஏக்கம் என்று கேட்பார்கள். சாப்பாடா, வெயிலா, கோயிலா என்று. அதெல்லாம் இப்போது விமானத்தில் வந்துவிடுகிறது. அந்த அரைமணி நேரப் பயணம்தான் வரவில்லை. பக்கத்தில் இடமிருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டு வந்த ஒருவனைப் போல வேறு யாரும் என்னோடு பயணம் செய்ததில்லை.

4

இங்கே மொழி வகுப்பில் சேர்ந்த முதல் மாதம், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குச் சரஸ்வதி என்று ஒரு தங்கை. அவளைச் சொன்னேன். முத்துவேலைச் சொல்ல நினைத்தபோது 'பாதிச் சகோதரன்' என்று ஜெர்மன் மொழியில் ஒரு சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. சொல் முழுதாக வாயில் வரவில்லை.

"எனக்கு உடன்பிறந்தவர்கள் ஒன்றரைப் பேர்" என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியை கரும்பலகையில் அரை மனிதனை வரைந்து காட்டினார். நானும் சிரித்தேன். பிறகு பல வருடம் விருந்துகளில் இதையே ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

5

ஐயா இறந்தபோது நான் ஹாம்பர்க்கில் இருந்தேன். என் பெரியப்பா மகன் தங்கராசு அண்ணன் சின்னமனூரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வந்து சேர இரண்டு நாளாகும். சித்திரை மாதம், அதுவரை வைத்திருக்க முடியாது.

"கொள்ளி யாரு வைக்கிறதுன்னு கேக்குறாக. ஆண்டிபட்டியில இருந்து அந்தப் பய வந்து வாசல்ல நிக்கிறான். மகன்தான, அவனே வைக்கட்டும்னு நாலு பேரு சொல்றாக. நீ என்னப்பா சொல்ற?"

தொலைபேசி நீளமாக இரைந்துகொண்டிருந்தது. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. இதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிர்ச்சியில் வாய் தவறிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். வாய் தவறவில்லை.

"வேணாம்ணே. நீங்களே வச்சிருங்க."

பெற்ற மகன் முன்னால் நிற்க, அண்ணன் மகன் கொள்ளி வைத்தார். முத்துவேல் சுடுகாடு வரை நடந்துபோய், ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகு திரும்பினான் என்று சரஸ்வதி சொன்னாள். நான் மூன்றாம் நாள் மதுரையில் இறங்கி வாடகைக் காரில் போனேன். ஆண்டிபட்டி வந்தபோது ஓட்டுநர் டீ குடிக்க நிறுத்தட்டுமா என்று கேட்டார். தேனியில் குடிக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஊருக்கு வந்திருக்கிறேன். ஆண்டிபட்டியில் ஒருதடவையும் வண்டியை நிறுத்தியதில்லை.

6

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் புரியும்.

கப்பல் எஞ்சின்களுக்குக் கையேடு தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தேன். அங்கே எல்லாத் தகவலும் எக்ஸ்.எம்.எல். என்ற வடிவத்தில் இருக்கும். தேனிச் சந்தையில் வந்திறங்கும் காய்கறி மூட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையும் ஓர் உறுப்பு. மூட்டையில் கட்டிய அட்டையில் எந்த ஊர், யார் அனுப்பியது என்று எழுதியிருக்கும். அது அந்த உறுப்பின் பண்பு. மூட்டைகள் கலந்து கிடக்கும். 'ஒரே பெயர் எழுதிய மூட்டைகளை ஒன்றாக அடுக்கு, மேலே அந்தப் பெயரை எழுது' என்று கட்டளை எழுதிக் கொடுக்கிற தாளுக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். என் வேலை அந்தத் தாளை எழுதுவது.

நான் பழகிய காலத்தில் தொகுப்பதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பையும் நிறுத்தி, 'உனக்கு முந்திய உடன்பிறப்புகளில் இதே பண்பு உள்ளவர் உண்டா?' என்று கேட்போம். இல்லை என்றால் அங்கே புதிய தலைப்புத் தொடங்கும். உண்டு என்றால் அந்த மூத்தவருடைய தலைப்புக்குக் கீழே போய்ச் சேரும். உடன்பிறப்பு என்பது நான் அழகுக்குப் போட்ட சொல் இல்லை. அந்தத் தொழிலில் உள்ள சொல்லே அதுதான். பிற்காலத்தில் ஒரே கட்டளையில் தொகுக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பழைய முறையில்தான் கை ஓடும்.

போன வருடம் தங்கராசு அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னும் கோயில் காரியமெல்லாம் அவர்தான். குடமுழுக்குக்குப் பங்காளிகள் எல்லாரையும் தகப்பன்வழியாக வகைப்படுத்தி ஒரு புத்தகம் போட வேண்டும் என்றார். படிவம் கொடுத்து எழுதி வாங்கிவிட்டார்கள். ஓடைப்பட்டிப் பக்கத்துப் படிவங்களைச் சின்னமனூரில் ஒரு கடையில் தட்டச்சு செய்தார்கள், ஆண்டிபட்டிப் பக்கத்துப் படிவங்களை ஆண்டிபட்டியில். இரண்டு கோப்புகளும் எனக்கு வந்தன. சேர்த்து, ஒவ்வோர் ஆளையும் ஓர் உறுப்பாக்கி, 'தந்தை' என்ற பண்பை வைத்துத் தொகுக்க ஒரு ஸ்டைல்ஷீட் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வந்த முதல் வேலை. சந்தோஷமாக இருந்தது.

ஓட்டிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் 'பொன்னுச்சாமி மக்கள்', அதன் கீழே நானும் சரஸ்வதியும். பதினொன்றாம் பக்கத்தில் மறுபடியும் 'பொன்னுச்சாமி மக்கள்', அதன் கீழே முத்துவேல் மட்டும்.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கணினியில் 'பொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக நிற்கலாம், அல்லது இரண்டும் சேர்ந்து ஒரே குறியாக நிற்கலாம். சின்னமனூர்க் கடையில் ஒரே குறி. ஆண்டிபட்டிக் கடையில் பழைய எழுத்துருவில் அடித்து மாற்றியிருக்கிறார்கள், அதனால் தனித்தனிக் குறி. திரையிலும் தாளிலும் இம்மியளவு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஸ்டைல்ஷீட் கண்ணால் பார்ப்பதில்லை, குறி குறியாக ஒப்பிடுகிறது. முத்துவேலை நிறுத்தி, உனக்கு முந்திய உடன்பிறப்புகளில் இதே தந்தை உள்ளவர் உண்டா என்று கேட்டிருக்கிறது. இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவனுக்குத் தனித் தலைப்புப் போட்டுவிட்டது.

மற்றக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. இரண்டு கோப்பிலும் பிள்ளைகள் இருந்த தகப்பன் ஐயா ஒருவர்தான்.

ஒப்பிடுவதற்கு முன்னால் எல்லாப் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் தங்கராசு அண்ணனைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்? கையேடுகளில் இதுபோன்ற பிழையை ஆயிரம் முறை யாரையும் கேட்காமல் திருத்தியவன் நான்.

"அண்ணே, ஐயா பேரு ரெண்டு எடத்துல வருது."

"ரெண்டு எடத்துலயா? எங்கன?"

"நாலாம் பக்கத்துல நானும் சரசுவும். பதினொண்ணுல முத்துவேலு."



"யாரு, அந்த ஆண்டிபட்டிக்காரி மகனா? அவன் எப்பிடி உள்ள வந்தான்?"

"படிவம் எழுதிக் குடுத்திருக்கான்ணே. தகப்பன் பேரு ஐயா பேருதான் போட்டிருக்கான்."

"இனி எடுத்தா வம்பாயிரும். ஏலே, நீ ஒண்ணு செய்யி. அப்பிடியே விட்டுரு. நம்ம வகையறாவுல பொன்னுச்சாமிக்கா பஞ்சம்? பாக்குறவன் இது வேற பொன்னுச்சாமின்னு நெனச்சுக்கிருவான்."

"ஒரு வரியில சரி பண்ணிரலாம்ணே."

"நீயா தப்புப் பண்ண? மிசினு பண்ணுச்சு. மிசினுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லாமப் போச்சா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் கோப்பை அப்படியே தேனியில் உள்ள அச்சகத்துக்கு அனுப்பினேன். நான் எதையும் செய்யவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

7

குடமுழுக்கு முடிந்து பத்து நாள் கழித்து முத்துவேல் கூப்பிட்டான். ஐயா செத்த பிறகு அவன் குரலை நான் கேட்டதே இல்லை. சரஸ்வதியிடம் எண் வாங்கியதாகச் சொன்னான். குரல் கிழடு தட்டியிருந்தது. ஆனால் 'அண்ணே' என்று இழுப்பதில் மாற்றம் இல்லை.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? மதினி தவறிட்டாகன்னு சரசு சொல்லுச்சு. எனக்குத் தெரியாமப் போச்சு."

"இருக்கேன்டா. நீ எப்பிடி இருக்க?"

"எனக்கென்ன, முட்டிவலிதான். புத்தகம் வந்துச்சுண்ணே. நீங்கதான் அங்கன இருந்து கம்ப்யூட்டர்ல செஞ்சீகளாமே. கோயில்ல ஒக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். எம் பேரு அச்சுல வர்றது இதுதாண்ணே மொத வாட்டி."

"சந்தோசம்டா."

"எம் மகதான் கேக்குறா, தாத்தா பேரு ஏன் ரெண்டு எடத்துல வருதுன்னு. கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்னு சொன்னேன். சரிதானண்ணே?"

என் சமையலறைச் சன்னலுக்கு வெளியே தபால்காரப் பெண் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவள் தபால் போட்டுவிட்டுப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாடா" என்றேன். "கம்ப்யூட்டர் தப்புதான்."

"அதான பாத்தேன்" என்றான் அவன். முட்டிவலிக்கு இங்கே நல்ல தைலம் உண்டா என்று கேட்டான். வைத்துவிட்டான்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். பிழையைச் செய்தது கணினிதான். அந்த வாதத்தை வைத்துக்கொண்டு ஓராண்டை ஓட்டினேன்.

8

ஞாயிற்றுக்கிழமை கார்லா போன பிறகு கணினியில் கோப்பைத் திறந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினேன். நான்காம் பக்கத்தில் ஒரே தலைப்பு. கீழே ராசேந்திரன், முத்துவேல், சரஸ்வதி. வயதுப்படி அவன் எனக்கும் சரஸ்வதிக்கும் நடுவில் வந்து நின்றான். பதினொன்றாம் பக்கத்தில் அவன் இருந்த இடத்தில் அடுத்த குடும்பம் மேலேறிவிட்டது. ஒரு வரிக்கு அவ்வளவுதான் வேலை.

தங்கராசு அண்ணனிடம் கேட்கவில்லை. முத்துவேலைக் கூப்பிட்டேன். அங்கே இரவாகியிருந்தது.

"சொல்லுங்கண்ணே. கண்ணு ஆபரேசன்னு சரசு சொல்லுச்சே, ஆச்சா?"

"அது கெடக்கட்டும். ஒண்ணு சொல்லணும். அந்தப் புத்தகம்... அது கம்ப்யூட்டர் தப்பு இல்லடா. அனுப்புறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஒரு வரியில சரியாகியிருக்கும். தெரிஞ்சேதான் விட்டேன்."

"தெரியும்ணே."

"எப்பிடி?"

"எம் மக மதுரையில கம்ப்யூட்டர் வேலதான பாக்குறா. புத்தகத்தப் பாத்த அன்னைக்கே சொல்லிப்புட்டா. இது சின்ன வேலப்பா, பெரியப்பாவுக்குத் தெரியாம இருக்காதுன்னு."

"பெறகு ஏன்டா என்னய அப்பிடிக் கேட்ட?"

"நீங்க என்ன சொல்றீகன்னு பாப்போமேன்னுதான்" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தைலம் விசாரித்த அதே குரல்தான்.

"கொள்ளி விசயத்துலயும் நான்தான்..."

"அதுவும் தெரியும்ணே. வாசல்ல நின்னவனுக்குத் தெரியாதா?"

என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது. கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவன் "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தான், பெரிய மூட்டையை இறக்குகிறவனுக்குக் கைகொடுப்பது போல.

"இப்பச் சரி பண்ணிட்டேன்டா" என்றேன். "நான், நீ, சரசு மூணு பேரும் ஒரே தலைப்புல வர்றோம். யாரு வேணாம்னாலும் மறுபடி அச்சடிச்சு எல்லாருக்கும் அனுப்பப் போறேன்."

"வேணாம்ணே."

"என்னடா வேணாம்?"

"பிரிச்சே போடுங்க. முன்ன இருந்த மாதிரி." நான் குறுக்கே பேச வந்ததைக் கேட்காமல் தொடர்ந்தான். "ஐயா பேரு எனக்குப் பள்ளிக்கூடச் சட்டிபிகேட்டுல இருக்கு, ரேசன் கார்டுல இருக்கு. அத எவனும் அழிக்க முடியாது. எங்கம்மா பேருதாண்ணே ஐயா பேருக்குப் பக்கத்துல ஒரு எடத்துலயும் இல்ல. மூணு பேரையும் சேத்துட்டா, பாக்குறவன் நானும் உங்கம்மா பிள்ளன்னுதான நெனப்பான்? அப்ப எங்கம்மா எங்கன போவா? உங்க ரெண்டு பேருக்கு மேல ஐயா பேரும் உங்கம்மா பேரும் போடுங்க. எனக்கு மேல ஐயா பேரும் எங்கம்மா பேரும் போடுங்க. ரெண்டும் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா, ஒரே பக்கத்துல இருக்கட்டும். அது போதும்."

இருபது வருடத் தொழில் அனுபவத்தில் நான் யோசிக்காத தொகுப்பு அது. இரண்டு பண்புகளை வைத்துத் தொகுக்க வேண்டும், முதலில் தந்தை, அதற்குள் தாய். செய்ய முடியும், எளிதுதான். ஆனால் எங்கள் படிவத்தில் தாய் என்று ஒரு கட்டமே இல்லை. நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் நிரப்பிய படிவத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று தங்கராசு அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"செய்யலாம்டா. ஆனா எல்லா வீட்டுலயும் தாயார் பேரு புதுசா எழுதி வாங்கணும். அண்ணன் குதிப்பாரு."

"அவுக குதிக்கட்டும். மத்த வீட்டுல வாங்குங்க, மெதுவா வாங்குங்க. எங்கம்மா பேருக்கு எதுக்குப் படிவம்? உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியாது. மூன்று வருடம் அவன் சனிக்கிழமை தோறும் என்னோடு வந்திருக்கிறான். 'எங்கம்மா' என்றுதான் சொல்வான். எங்கள் வீட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னார்களே தவிர ஆள் பெயரைச் சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த அம்மாள் எப்போது இறந்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. சமாளிக்க ஒரு வழி இருந்தது. எழுத்து சரியாக வரவேண்டும், நீயே சொல் என்று கேட்டிருக்கலாம். அந்த வாக்கியம் தயாராகவே வந்து நின்றது.

"தெரியாதுடா" என்றேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன். போகவில்லை.

"எழுதிக்கங்க" என்றான் கடைசியில். அரசு அலுவலகத்தில் சொல்வது போல ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். எழுதினேன்.

"வாசிங்கண்ணே."

"பேச்சியம்மாள்" என்று வாசித்தேன்.

"இன்னொரு வாட்டி வாசிங்க" என்றான்.

வாசித்தேன்.